கழிமுகநாட்டு மாணவியின் எழுத்தாணியை முறிக்க மறுத்து விடுத்த ஓலை

நலம் பெருகுக. மழை தவறாது பெய்க. கடல் தன் எல்லையில் நிற்க.

ஒன்பது துறைமுகங்களுக்கும் உரியவரும், வெண்கொற்றக் குடையின்கீழ்ப் பல நாடுகளை அமர்த்திக் காப்பவரும், மாடமணிநகரில் வீற்றிருந்து தென்னாழிப் பேரரசைச் செலுத்துபவருமான மானவிறல் பேரரசர் திருமுன்னுக்கு, கழிமுகநாட்டின் உப்புக்கும் மீனுக்கும் மக்களுக்கும் தலைவியாகி, முடிசூடிய பதினான்காம் ஆண்டில் நிற்கும் நல்லிசை நாச்சியார் விடுக்கும் ஓலை. தங்கள் யானைகள் நோயின்றி இருக்கின்றனவா, களஞ்சியங்கள் நிறைந்திருக்கின்றனவா, தேவியாரின் முழங்கால் வலி சற்றேனும் தணிந்ததா என்று அரசியார் அன்போடு கேட்கிறார். இங்கே யாவரும் நலம். தங்கள் கட்டளை ஓலை வந்து சேரும்வரை நலமாகத்தான் இருந்தார்கள்.

அரசியாருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்பதைப் பேரரசர் அறிவீர்கள். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடும்படி பணித்திருக்கிறார். தங்கள் கட்டளை நிறைவேற்றப்படவில்லை. இனி நிறைவேற்றப்படவும் மாட்டாது. ஏன் என்பதைப் பொறுமையாகக் கேட்டருள்க. கேட்ட பிறகும் கோபம் வந்தால் தாராளமாகக் கோபித்துக்கொள்க.

தங்கள் தூதர் வந்திறங்கிய நாளில் அரசியார் அரண்மனையில் இல்லை. முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டதால், கால்வாய் வெட்டுகிற இடத்தில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். கட்டளை அங்கேயே வாசிக்கப்பட்டது. உப்பளத்து நக்கன் மகள் கொற்றி என்னும் மாணவி, தலைநகரில் நடந்த ஓலைத் தேர்வில், எழுதுபாவை எழுதியதைத் தான் எழுதியதாகக் காட்டி ஏமாற்றினாள் என்றும், பேரவையின் தேர்வாசான்மார் எழுவரும் கூடி அதைக் கண்டுபிடித்தார்கள் என்றும், ஆகவே நாற்சந்தியில் ஊரார் பார்க்க அவளது எழுத்தாணியைச் சுத்தியலால் முறித்து, உயிருள்ளவரை அவள் ஓர் எழுத்தும் எழுதாதபடி விலக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. முறிப்பதற்கென்று ஒரு சுத்தியலும் பட்டில் சுற்றி வந்திருந்தது. முறிக்கும்போது மேற்பார்வை பார்க்கத் தலைமைத் தேர்வாசான் விடங்கதேவர் மற்ற அறுவரோடும் வந்திருந்தார். வழியிலுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டி எச்சரிப்பதற்காக எழுதுபாவையையும் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

அரசியார் கட்டளையை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, ஒரு பெண்பிள்ளையின் விரல் நீள ஆணியை உடைக்க ஏழு ஆசான்களும் ஒரு பல்லக்கும் இத்தனை பட்டும் வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். சேற்றில் நின்ற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அரசியார் சிரிக்கவில்லை.

எழுதுபாவை என்பது என்ன என்று பேரரசருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் இவ்வோலை பிற்காலத்தார் கையில் கிடைத்து அவர்கள் விழிக்கக் கூடாது என்பதற்காக இங்கே குறித்து வைக்கப்படுகிறது. தலைநகரின் பொறிவினைஞர்கள் மரத்தாலும் வெண்கலத்தாலும் செய்த பதுமை அது. அரண்மனை ஓலைக்களஞ்சியத்தில் உள்ள அத்தனை ஓலைகளும் அதனுள் ஊட்டப்பட்டிருக்கின்றன. பொருளைச் சொல்லி விசையைத் திருகினால், வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் ஓர் ஓலை எழுதி நீட்டும். நன்றாகவே எழுதும். அதை அரசியார் ஒருபோதும் மறுத்ததில்லை.

தேர்வு நடக்கும் முறையும் இங்கே சொல்லப்பட வேண்டும், ஏனெனில் வினையே அங்கேதான் இருக்கிறது. மாணவர் முகத்தையும் கையெழுத்தையும் பார்த்தால் மனம் சாயும் என்று, தேர்வாசான்மார் ஓலையைக் கையில் வாங்குவதில்லை. தங்கள் முன்னோர் வகுத்த நல்ல ஏற்பாடு அது. எழுவர் வரிசையாக அமர்ந்திருக்க, ஒவ்வொருவர் முன்னும் ஒரு விளக்கு எரியும். வாசிப்பவர் ஓலையை உறையிலிருந்து எடுத்து உரக்க வாசிப்பார். மனிதர் எழுதியது என்று தோன்றினால் விளக்கை எரிய விடுவார்கள். பாவை எழுதியது என்று தோன்றினால் ஊதி அணைப்பார்கள். முகம் தெரியாது, பெயர் தெரியாது, எல்லாம் சரி. ஆனால் உறை தெரியும். தலைநகர்ப் பள்ளிகளின் ஓலைகள் பட்டுறையில் வருகின்றன. கழிமுகநாட்டு ஓலைகள் பனைநார் உறையில் வருகின்றன. காலங்காலமாக அப்படித்தான். ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

புயலில் அழிந்த துறைக்கு அரசர் எழுதும் ஆறுதல் ஓலை என்பதுதான் இந்த முறை கொடுத்த பொருள். கொற்றியின் ஓலை வாசிக்கப்பட்டபோது ஐந்து விளக்குகள் அணைந்தன. எழுதியவர் யார் என்று வெளியிட்ட பின் காரணம் கேட்டதற்கு, நடை தெளிவாக இருக்கிறது, பிசிறில்லை, ஒரு சொல் கூடவும் இல்லை குறையவும் இல்லை, உப்பளத்தில் பிறந்த பெண்ணுக்கு இது எப்படி வரும் என்று விடங்கதேவர் மொழிந்தாராம். அதே நாளில், சோதனைக்காகப் பேரவையே பாவையின் ஓலை ஒன்றைப் பட்டுறையில் இட்டு இடையில் செருகியிருந்தது. அதற்கு ஏழு விளக்கும் எரிந்தன. விடங்கதேவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாராம். உண்மை தெரிந்ததும், பாவை நன்றாகத் தேறிவிட்டது என்று சிரித்து மழுப்பிவிட்டார்கள். தாங்கள் தேறவில்லை என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. இவ்வளவையும் சொன்னவர் தங்கள் தூதரே. அந்த நேர்மைக்காக அவரைத் தண்டிக்க வேண்டாம் என்று அரசியார் வேண்டுகிறார்.

கொற்றி அங்கேயே எழுந்து நின்று, வேறு எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்து எழுதிக் காட்டுவதாகக் கெஞ்சினாள். பாவையின் ஓலைகளை மனப்பாடம் செய்து வந்திருப்பாள் என்றார்கள். எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம் என்று ஆன பிறகு அந்தப் பெண் என்னதான் செய்வாள்? உப்புத் தோணி ஒன்றில் ஏறி ஊர் வந்து சேர்ந்தாள். அரசியார் அவளை அழைத்து விசாரித்தபோது அவள் அழவில்லை. அழுகைக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது அவளுக்கு. அரண்மனை எழுத்தர் பதவி வேண்டாம், பரிசும் வேண்டாம், எழுத்தாணியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள், அது போனால் என்னுடையது என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இராது என்று விண்ணப்பித்தாள்.

அரசியார் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவேளை பெண் பொய்யும் சொல்லலாம் அல்லவா? உள்ளூர்ப் பாசத்தில் கண்ணை மூடிக்கொள்பவர் அல்லர் அவர். அவளைப் படிப்பித்த கணக்காயர் பொன்னூரனாரை விசாரிக்கலாம் என்று, முன்னறிவிப்பின்றிப் பள்ளிக்கே போனார்.

அங்கே கண்டதை எழுதவே கூசுகிறது. பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி தான் எழுதியதை அரசியாருக்கு வாசித்துக் காட்டினாள். முதல் வரி அப்படி ஒரு வரி. மீன்காரியின் குரல் காதில் விழுந்தது. அடுத்த இரண்டு வரிகள் ஏனோ நொண்டின, சொன்னதையே திரும்பச் சொல்லி இழுத்தன. இத்தனை அழகாகத் தொடங்கிவிட்டு ஏனம்மா இப்படி என்று அரசியார் வினவ, அப்படி எழுதினால்தான் விளக்கு அணையாதாம், ஐயா சொல்லியிருக்கிறார் என்று அந்தக் குழந்தை வெள்ளந்தியாக விடை சொன்னது.

அரசியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொன்னூரனாரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை. கொற்றிக்கு நேர்ந்ததைக் கேட்டது முதல் பிள்ளைகளை அப்படித்தான் பழக்குவதாக ஒப்புக்கொண்டார். ஒரு நல்ல வாக்கியம் வந்தால் பின்னாலேயே இரண்டு மட்டமான வாக்கியங்களைப் போடுங்கள், முடிவை அரைகுறையாக விடுங்கள், அறிவாளி என்று காட்டிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். நன்றாக எழுத வைக்கவே வாழ்நாளெல்லாம் தொண்டை வறளக் கத்தியவன் இப்போது கெட்டதாக எழுதக் கற்றுக்கொடுக்கிறேன், சோறு இறங்கவில்லை, ஆனாலும் பிள்ளைகளைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை என்று அவர் முறையிட்டபோது, அரசியாரால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

பாவையின் ஓலையையும் பிள்ளையின் ஓலையையும் அவரால் பிரித்தறிய முடியுமா என்று அரசியார் கேட்டார். முடியும் என்றுதான் நினைத்திருந்ததாகவும், பல்லக்கில் வந்த பாவையிடம் சில ஓலைகள் வாங்கிப் பிள்ளைகளின் ஓலைகளோடு கலந்து, மனைவியை வாசிக்கச் சொல்லித் தன்னைத்தானே சோதித்துப் பார்த்ததாகவும், சரியாகச் சொன்ன அளவுக்குத் தப்பாகவும் சொன்னதாகவும் அவர் ஒளிக்காமல் சொன்னார். கொற்றியின் ஓலை அவளுடையதே என்று மட்டும் சத்தியம் செய்வேன், ஏனென்றால் அவள் எழுதும்போது பார்த்திருக்கிறேன், எந்த இடத்தில் தயங்கி எதை அடித்து எதைப் போடுவாள் என்று தெரியும், எழுதி முடித்த ஓலையை மட்டும் நீட்டினால் எனக்கும் ஒன்றும் தெரியாது என்றார். தெரியாது என்று ஓர் ஆசிரியர் சொல்லி அரசியார் கேட்டது அதுவே முதன்முறை. அவர் மேல் மதிப்பு கூடிவிட்டது.

அதன் பிறகே அரசியார் தேர்வாசான்மாரை விருந்துக்கு அழைத்தார். கட்டளை நிறைவேறுவதற்கு முன்னால் அவர்களது கேள்விஞானத்தை எங்கள் அவையும் கண்டு களிக்கட்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். விடங்கதேவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொருளையும் அவரே கொடுத்தார்: போரில் மகனை இழந்த தாய்க்கு அரசர் எழுதும் ஓலை. எத்தனை ஓலை வேண்டுமானாலும் வரட்டும், கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவோம் என்று மீசையை நீவிக்கொண்டார்.

உள்ளறையில் அரசியாரும் தங்கள் தூதரும் இருபுறமும் அமர்ந்திருக்க, கொற்றி ஓர் ஓலை எழுதினாள். அடுத்து அரசியார் பாவையின் விசையைத் தம் கையாலேயே திருகி, அதே பொருளைச் சொல்லி, கழிமுகநாட்டுப் பள்ளிப்பிள்ளை எழுதியது போலச் சற்று மட்டமாக எழுது என்று பணித்தார். கேளுங்கள், பேரரசே! அந்தப் பதுமைக்குக்கூட எங்களை எப்படி நினைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. நொண்டி நொண்டி எழுதித் தள்ளியது. கொற்றியின் ஓலை பட்டுறையில் இடப்பட்டது. பாவையின் ஓலை பனைநார் உறையில் இடப்பட்டது. இரண்டு உறையின் மேலும் தூதர் தம் முத்திரையை வைத்தார்.

அவையில் முதலில் பட்டுறை பிரிக்கப்பட்டது. பெருமைப்படு என்று உன்னைக் கேட்கமாட்டேன், உன் மகனோடு ஒரே கூடாரத்தில் படுத்தவனை அனுப்புகிறேன், அவன் என்ன சாப்பிட்டான், எதற்குச் சிரித்தான் என்று உனக்கு வேண்டியதையெல்லாம் அவனிடம் கேட்டுக்கொள், கேட்டு முடியும் வரை அவன் அங்கேயே இருப்பான் என்று அதில் இருந்தது. ஏழு விளக்கும் அசையாமல் எரிந்தன. விடங்கதேவர் தழுதழுத்த குரலில், இது மனித நெஞ்சிலிருந்து வந்தது, அதிலும் தலைநகரில் பிறந்து நல்லாசான் காலடியில் வளர்ந்தவர்க்கே இந்த அடக்கம் வாய்க்கும், பாவைக்கு இது ஏழு பிறவியிலும் வராது என்று தீர்ப்பளித்தார்.

அடுத்துப் பனைநார் உறை. சொன்னதையே சொல்லி இழுவை இழுவையாக ஓடியது அந்த ஓலை. அதற்கும் ஏழு விளக்கு எரிந்தன. விடங்கதேவர் புன்னகைத்து, பாவம், உப்புக்காற்றில் வளர்ந்த பிள்ளை, முடிந்த மட்டும் எழுதியிருக்கிறது, இதில் கள்ளமில்லை, கழிமுகநாட்டின் உண்மையான எழுத்து இதுவே என்று அருளினார். மற்ற அறுவரும் ஆமாம் போட்டார்கள்.

தூதர் எழுந்து, எந்த உறையில் எது இருந்தது என்று அறிவித்தார். அடேயப்பா, அந்த முகங்களைப் பேரரசர் பார்த்திருக்க வேண்டும்! கடைசியில் அமர்ந்திருந்த இளைய தேர்வாசான் ஒருவர் தம் விளக்கைத் தாமே ஊதி அணைத்துவிட்டுத் தலைகுனிந்து வெளியேறினார். அவரை மட்டும் அரசியார் பின்னர் அழைத்து உணவளித்தார். விடங்கதேவரோ, உறையை மாற்றி வைத்தது வஞ்சகம், இச்சோதனை செல்லாது என்று கொதித்தார். உறைக்குத் தீர்ப்புச் சொன்னதாக நீரே ஒப்புக்கொள்கிறீர், இனி நான் சொல்ல ஒன்றுமில்லை என்று அரசியார் விடை கூறினார். சோதனை எப்படியானாலும் பேரரசரின் கட்டளை கட்டளையே, சுத்தியலை எடுங்கள் என்று விடங்கதேவர் மேலும் வற்புறுத்தியதால்தான் இவ்வோலை எழுத நேர்ந்தது.

ஆகவே பேரரசர் திருவுள்ளம் பற்றுக. கப்பம் கேட்டீர்கள், தந்தோம். படகு கேட்டீர்கள், தந்தோம். போருக்கு ஆள் கேட்டபோது எங்கள் அண்ணன் தம்பிகளை அனுப்பிவிட்டு, திரும்பி வந்தவர்களை எண்ணிப் பார்த்து அழுதோம். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் எங்கள் பிள்ளை நன்றாக எழுதினால் பதுமை, மோசமாக எழுதினால்தான் மனிதப்பிறவி என்று ஒரு சட்டம் வந்தால், அந்தச் சட்டத்துக்கு நாங்கள் கைகட்டி வாய்பொத்தி நிற்கமாட்டோம். பாவையை உடைக்கும்படி அரசியார் கேட்கவில்லை; அது தன் பாட்டுக்கு எழுதட்டும். பாவை எழுதியதைத் தன்னுடையது என்று காட்டும் பிள்ளைகளும் எங்கேனும் இருப்பார்கள், அதையும் அரசியார் மறுக்கவில்லை. பிரித்தறியத் தெரியாதவர் கையில் சுத்தியலைக் கொடுக்காதீர்கள் என்றே சொல்கிறார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஒரு பெண்ணின் வாழ்வை நொறுக்குவது தங்கள் வெண்குடைக்கு அழகா?

தாங்கள் அனுப்பிய சுத்தியல் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. மடைப்பள்ளியில் தேர்வாசான்மாரின் விருந்துக்கு நண்டு உடைக்க எடுத்துவிட்டார்கள்; கழுவித்தான் அனுப்பியிருக்கிறோம். வாடை அடித்தால் பொறுத்தருள்க.

இதற்காகத் தாங்கள் கப்பல்களை அனுப்பினால் வரட்டும். எங்கள் முகத்துவாரத்தில் எந்த மணல்மேடு எந்த மாதத்தில் எங்கே கிடக்கும் என்று தங்கள் மாலுமிகளுக்குத் தெரியாது. அரசியாருக்குத் தெரியும், கால்வாய் வெட்டும் ஆட்களுக்கும் தெரியும். அது மிரட்டல் அன்று. வரும் விருந்தினர் தரைதட்டி வருந்தக் கூடாதே என்ற அக்கறைதான்.

இனி அரசியாரின் ஆணை. கழிமுகநாட்டு எல்லைக்குள் ஓலையைக் கேட்டு விளக்கணைக்கும் வழக்கம் இன்றோடு ஒழிந்தது. ஆசிரியர் பிள்ளையின் அருகில் அமர்ந்து, எழுதும்போதே பார்த்து, எழுதியதைப் பற்றி அதனிடமே கேட்டு மதிப்பிட வேண்டும். அதற்கு நேரம் போதாது என்னும் ஆசிரியர்க்கு உதவியாக இன்னோர் ஆசிரியரை அரண்மனை தரும். இனி எந்தப் பிள்ளையையும் மட்டமாக எழுது என்று எவரும் சொல்லக் கூடாது, அன்பினால் சொன்னாலும் கூடாது. பொன்னூரனார் முதல் வேலையாக அந்தச் சிறுமியின் நொண்டி வரிகளை அவளையே திருத்த வைக்க வேண்டும். கொற்றியை ஒப்படைக்கும்படி இனி எவர் கேட்டு வந்தாலும், அவளுக்கு அரசவையில் வேலை இருக்கிறது, வர நேரமில்லை என்று வாயிற்காவலர் சொல்லி அனுப்புக.

இது நல்லிசை நாச்சியார் திருவாய் மலர்ந்த ஆணை. ஆனித் திங்கள் வளர்பிறையில், அவையோர் முன்னிலையில், சுறாமுத்திரை பொறித்து விடுக்கப்பட்டது. கழிமுகம் உள்ளளவும் இது நிற்க.

அரசியார் ஆணைப்படியும் நடந்தது நடந்தபடியும் இவ்வோலையை முதலிலிருந்து முடிவுவரை எழுதினேன், கழிமுகநாட்டு அரசவை எழுத்தர், உப்பளத்து நக்கன் மகள் கொற்றி. இவை என் எழுத்து.